முதுகுக்கு ஒரு மெடல்

பிறந்த ஊருக்குப் பாஸ்போர்ட்டோடு போகிற கொடுமை எத்தனை பேருக்கு வாய்க்கும்? எனக்கு வாய்த்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமை நாசரேத்தில் பிறந்து, கொழும்பில் வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகக் குப்பை கொட்டுகிறவள் நான். எழுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம், கொளுத்துகிற வெயிலில் தூத்துக்குடிக்குப் புறப்பட்டேன். ஊர் பார்க்க இல்லை. என் தம்பி ஞானராஜின் காதைப் பிடித்துத் திருக.

ஞானராஜ் பட்டாளத்துக்காரன். வங்காளத்துச் சண்டைக்குப் போனவன், வலது கை தோளுக்கு மேலே எழும்பாத ஆளாகத் திரும்பி வந்தான். அப்புறம், சண்டையில் காயம் பட்டவர்களுக்கு அரசாங்கம் மெடல் கொடுக்கிறது என்று செய்தி வந்தது. எழுதிப் போட்டான். ‘படகில் இரும்பின்மேல் விழுந்து அடிபட்டதாக நீரே ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறீர். அது விபத்து, போர்க்காயம் அல்ல’ என்று பதில் வந்தது. அப்பீல் போட்டான். அதற்கும் அதே பதில். இப்போது கடைசி வாய்ப்பாக, வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அதிகாரிகள் உட்கார்ந்து நேரில் விசாரிக்கப் போகிறார்கள். அதிலும் ஆகவில்லையென்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். இந்த நேரம் பார்த்து எங்கள் வீரசிகாமணி போகமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறான்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லி அனுப்பியது அவன் பெண்டாட்டி கிரேஸ். கொழும்புக்குச் சரக்கு ஏற்றி வந்த ஒரு தோணிக்காரர், கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, “மைனி வந்து நாலு போடு போட்டாத்தான் சரிப்படும்னு ஒங்க தம்பி வீட்டம்மா சொல்லச் சொன்னாவ” என்றார். கருவாடு அருமையாக இருந்தது. மறுவாரமே கிளம்பிவிட்டேன்.

சுங்கத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, தேயிலைப் பொட்டலங்களையும் கறுவாப்பட்டையையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். “அங்கே அரிசிக்குக் கியூ, ரொட்டிக்குக் கியூ என்கிறார்களே, இதெல்லாம் மட்டும் எப்படி?” என்றார். “நாங்கள் பசியை மறக்கத் தேயிலை குடிக்கிறோம், சார்” என்றேன். என்ன நினைத்தாரோ, பெட்டியை மூடிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், திருநெல்வேலியிலிருந்து ஏறிய பஸ் தூத்துக்குடியை எட்டிப்பிடிக்கிற தூரத்தில் பெருமூச்சு விட்டுவிட்டு நின்றது. நின்ற இடம் புதுக்கோட்டை. போர்டைப் பார்த்த ஒரு சென்னைக்காரர், “ஐயையோ, புதுக்கோட்டையா? திருச்சிப் பக்கம் கொண்டுவந்துட்டீங்களேய்யா!” என்று தலையில் கை வைத்தார். “இது எங்க புதுக்கோட்ட, சார். ஒங்கள யாரும் கடத்தல” என்று கண்டக்டர் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த உப்பு லாரி ஒன்றைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டேன். கொழும்பில் என்னை லாரியில் பார்த்திருந்தால் தலைமையாசிரியை மயக்கம் போட்டிருப்பாள். தம்பி வீடு இருக்கிற மில்லர்புரத்தில் இறங்கும்போது என் உதட்டை நக்கினால் கரித்தது.

அன்று கிரேஸ் எனக்காகச் சொதி வைத்திருந்தாள். இந்தச் சொதி விஷயத்தில் எனக்கு இரண்டு நாட்டோடும் தகராறு உண்டு. கொழும்பில் சொதி என்றால் இடியாப்பத்தின் மேல் ஓடுகிற தேங்காய்ப்பால் தண்ணீர். இங்கே சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற விருந்து: காய்கறி, பருப்பு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இலையில் மலை மாதிரி சோற்றைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கியூவில் நின்று நின்று அப்படி ஆகிவிட்டேன்.

“என்ன மைனி, காரமா?” என்றாள் கிரேஸ்.

“இல்ல. இன்னும் கொஞ்சம் போடு.”

எதிரே ஞானராஜ் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு வேர்த்து ஊற்றச் சாப்பிட்டான். தெருவில் ஆண்கள் எல்லாம் வெறும் உடம்போடு விசிறிக்கொண்டு கிடக்கிற ஊரில் இவன் ஒருத்தன்தான் கோயிலுக்குப் போகிற கோலத்தில் இருந்தான். மறுநாள் காலையில் இதைவிடக் கூத்து. கிணற்றடியில் பனியனோடு குளித்தான்.

“எப்பவும் இப்படித்தானா?” என்று அடுப்பங்கரையில் கேட்டேன்.

“சண்டைக்குப் போயிட்டு வந்ததுலேந்து இப்படித்தான் மைனி. நெஞ்சுல தழும்பு ஒண்ணுமில்ல. இருந்தா முதுகுலதான் இருக்கணும். கேட்டா எரிஞ்சு விழுதாரு. வெளிய போனா பயலுவ ‘கம்பி ராஜ், கம்பி ராஜ்’னு கூப்பிடுதானுவ. சண்டைக்குப் போயி கம்பில வழுக்கி விழுந்தவராம். அன்னைக்குப் பூராம் சாப்பிடமாட்டாரு.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. நேரே கிணற்றடிக்குப் போனேன்.

“ஏலே, பனியனக் கழத்து.”

“அக்கா, சும்மா இரி.”

“ஒன்னயக் குளிப்பாட்டி வளத்தவ நான். கழத்துலே.”

கழற்றினான். வலது தோள்பட்டையிலிருந்து நடு முதுகுவரை, கிழிந்த சாக்கை அவசரமாகத் தைத்தது போல ஒரு தழும்பு. “இது இரும்புல விழுந்ததா?” என்றேன்.

“இல்லக்கா. குண்டு வெடிச்சு செதறுன துண்டு.”

“முதுகுலயா?”

அவ்வளவுதான் கேட்டேன். அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். “பாத்தியா? நீயே நெனச்சிட்ட. ஓடிட்டான்னு நெனச்சிட்டல்லா?”

நினைத்தேன்தான். கண் இமைக்கிற நேரம், அவ்வளவே; ஆனாலும் நினைத்தேன். முதுகில் புண்பட்டவன் வீட்டுக்கு வரவே கூடாது என்று காலங்காலமாகச் சொல்லி வளர்க்கிற நாடு நம்முடையது. புறமுதுகு என்ற ஒரு சொல் போதும், குடும்ப மானத்தைக் கப்பலேற்ற. என் தம்பிக்கு அந்தச் சொல்லை நானே கொடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் விவரம் கேட்டு எழுதினவன் நாசரேத்துக்குப் பக்கத்துச் சாத்தான்குளத்துக்காரனாம். “முதுகுல குண்டுன்னு சொல்லியிருந்தா, அடுத்த வாரமே நாசரேத்துல ஆலயமணி அடிச்சுச் சொல்லியிருப்பான். அதான் இரும்புல விழுந்தேன்னுட்டேன்” என்றான்.

“நெசமா என்னலே நடந்துச்சு?”

“படகு வலிச்சிட்டிருந்தேன்.”

“அத நாளைக்கழிச்சு அதிகாரிக முன்னால சொல்ல வேண்டியதுதான?”

“முதுகுன்னு வாயத் தொறந்த ஒடனே சிரிச்சிருவானுவ அக்கா. படகு வரைக்கும் எவன் காத்திருப்பான்?”

படகு வலித்தால் குண்டு ஏன் முதுகில் படவேண்டும் என்று எனக்கும் விளங்கவில்லை. பனைமரத்து நிழலில் வளர்ந்த எனக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்? கேட்டதற்குத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குப் படகில் கூட இருந்த பட்டாளத்துக்காரன் பெயரை மட்டும் கிரேஸ்தான் பிடுங்கித் தந்தாள். மிக்கேல். இந்த ஊர்க்காரன்தான், இப்போது துறைமுகத்தில் படகுத் தண்டல், அதாவது படகை நடத்துகிறவன். அவன் கண்ணில் படக்கூடாதென்று என் தம்பி இத்தனை வருஷமாகக் கடற்கரைச் சாலைப் பக்கமே போவதில்லையாம். விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஆயிற்றே!

அன்று சாயங்காலம் மனசு சரியில்லாமல் கடைத்தெருவுக்குப் போனேன். எனக்கு மனசு சரியில்லையென்றால் தின்னவேண்டும். மக்ரூன் கடையில் இரண்டு வெள்ளைக்காரக் கப்பல் சிப்பந்திகள் ஆளுக்கொரு மக்ரூனைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ பாஷையில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். “என்ன சொல்லுதாங்க அண்ணாச்சி?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“இது பஞ்சா பலகாரமான்னு கேக்கான் ஒருத்தன். முந்திரிப்பருப்பும் முட்டையும்னு மத்தவன் சொல்லுதான்.”

“உங்களுக்கு அந்த பாஷை தெரியுமா?”

“தெரியாது. வாரவன் எல்லாம் இதத்தான கேக்கான்.”

கடையைவிட்டு இறங்கியதும் ஒரு ஆள் கைக்குட்டையை விரித்து, “அசல் தூத்துக்குடி முத்து அக்கா. பழைய சலாபத்துல எடுத்தது. இனிமே முத்துக்குளிப்பு எப்ப வருமோ, விட்டுட்டா கெடைக்காது” என்றான். ஒன்றை எடுத்துப் பல்லில் உரசிப் பார்த்தேன். நறநறக்கவில்லை, வழுக்கியது. கண்ணாடி! “ஏலே, நான் கொழும்புலேந்து வாரேன். கண்ணாடிய முத்துன்னு விக்கிறவன் எங்க ஊர்லயும் இருக்கான்” என்றேன். “அப்ப கொழும்பு முத்துன்னு வச்சுக்கோங்க” என்றானே பார்க்கலாம். அவன் சாமர்த்தியத்துக்காகவே ஒன்று வாங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை, சைக்கிள் ரிக்‌ஷாவில் பழைய துறைமுகத்துக்குப் போய் மிக்கேலைக் கண்டுபிடித்தேன். கரிய, அகலமான மனிதன். கழுத்தில் மாதா பதக்கம்.

“ஞானத்தோட அக்காவா? மாதாவே!” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “பேசணும்னா படகுல ஏறுங்க. கடல்ல நிக்கிற தோணிலேந்து ஒரு ஆளக் கூட்டியாரணும். நான் வார வரைக்கும் இங்கன நின்னீங்கன்னா கருவாடா ஆயிருவீங்க.”

ஏறினேன். ஏறியது தப்பு என்று என் வயிறு உடனே சொன்னது. மிக்கேல் பின்பக்கம் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் காலடியில் என்னை உட்காரவைத்தான். எதிரே இரண்டு பேர் நீளத் துடுப்புத் தண்டுகளைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்து வலிக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

“இவங்க ஏன் என்னயே பாத்துட்டு இருக்காங்க? போற வழியப் பாக்க வேண்டாமா?” என்றேன்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் படகு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.

“வழி பாக்குறது தண்டல் வேல அம்மா” என்றார் முன்னால் இருந்தவர். “எங்க வேல வலிக்கிறது. போற பக்கம் முதுக வச்சாத்தான் வலிக்க முடியும்.”

சொல்லி வாய் மூடவில்லை, எதிரே வந்த அலை ஒன்று படகின் மூக்கில் மோதி எழும்பியது. முழுதும் அவர் முதுகில் அறைந்தது. என் முகத்தில் ஒரு சொட்டு இல்லை. அவர் முதுகிலிருந்து தண்ணீர் வழிகிறதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் தம்பி ஓடவில்லை. எதிரியை நோக்கித்தான் போயிருக்கிறான், ஒவ்வொரு வலிப்புக்கும் இன்னும் கொஞ்சம் கிட்டே.

“மிக்கேல், அன்னைக்கு ஞானம் எப்படி உக்காந்திருந்தான்?”

“அதக் கேளுங்க” என்றான் மிக்கேல். “ஆத்தத் தாண்டணும். ஊர்க்காரன் படகு ஒண்ணு கெடச்சிது. தூத்துக்குடிப் பக்கத்து ஆளு யாருன்னு ஆபீசர் கேட்டாரு. ஒங்க தம்பியும் கையத் தூக்கிட்டான். தூத்துக்குடிப் பக்கம்னா எல்லாரும் கடல்ல பொறந்தவன்னு அவரு நெனச்சிட்டாரு. இவன் தாமிரவருணில முங்கிக் குளிச்சதோட சரி! படகுல ஏறி, போற பக்கத்தப் பாத்து உக்காந்துக்கிட்டு, தண்டத் தலகீழாப் பிடிக்கான். நான்தான் பெடரியப் பிடிச்சுத் திருப்பி உக்காரவச்சேன். அவன் இஷ்டத்துக்கு விட்டிருந்தா நெஞ்சுல வாங்கியிருப்பான். மெடல வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. ஆளுதான் வந்திருக்க மாட்டான்.”

“அடி பட்ட பொறவு?”

“நான் சுக்கானப் பிடிச்சுக்கிட்டு அவன் மூஞ்சிய நேராப் பாத்துட்டுத்தான நின்னேன். கண்ணு சொருகுது. ஆனாலும் கரை தட்டுற வரைக்கும் தண்ட விடல அக்கா. ஒரு கையால வலிச்சான்.”

நான் அழுதேன். கடல்காற்றில் கண் கரிக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை; அழுகிறேன் என்றேதான் சொன்னேன். தோணியிலிருந்து ஏறிய ஆள், பாவம், என்னவோ ஏதோ என்று பயந்து படகின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

மாலையில் மிக்கேலை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். அவனைக் கண்டதும் ஞானராஜ் புறக்கடைக்கு நழுவினான். “இப்பத்தாம்ல நெசமாவே புறமுதுகு காட்டுத!” என்று மிக்கேல் வாசலில் நின்று சத்தம் போட்டதில் நாலு வீட்டுக் கதவு திறந்தது. தலை தப்பாது என்று தெரிந்து வெளியே வந்தான் என் தம்பி. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் மிக்கேல் அவன் தோளில் கை போட்டான், வலிக்காத இடது தோளில். கிரேஸ் மூன்று பேருக்கும் கொழும்புத் தேயிலை போட்டுக் கொடுத்தாள். நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னான் ஞானராஜ்; என்ன சொல்வேன் என்று கேட்கக்கூடாதாம்.

வெள்ளிக்கிழமை அந்த ஹாலில் ஒரே கூட்டம். மேடைக்குக் கீழே நீள மேசை. மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் வெள்ளை மீசை வைத்த வடநாட்டுக் கர்னல். எங்களைக் குறுக்கே கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். ஞானராஜ் முறை வந்தது. போய் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு.

“காயம் எப்படி ஏற்பட்டது?” என்று இங்கிலீஷில் கேட்டார் கர்னல்.

ஞானராஜ் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே நாசரேத்துக்காரர்கள் இருந்தார்கள், ‘கம்பி ராஜ்’ என்று கூப்பிடுகிறவர்களும் இருந்தார்கள். “இரும்பு, சார். விழுந்தேன்” என்றான்.

பாவி! நான் கயிற்றைப் பிடித்து முறுக்கினேன். “அப்படியானால் விபத்துதான். போகலாம்” என்றார் கர்னல். என் தம்பி சல்யூட் அடித்துவிட்டு அப்படியே திரும்பினான். அதிகாரிகளுக்கு முதுகு, எங்களுக்கு முகம். மிக்கேல் அந்த முகத்தைப் பார்த்தான். முன்பு ஒரு தடவை பார்த்த முகம்தானே அது. ஹாலே அதிரும்படி ஒரு கத்தல் போட்டான்.

“உக்காருலே ஞானம்! கரை இன்னும் வரல! வலி!”

இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான். ஞானராஜ் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் கிடந்த பெஞ்சில் அதிகாரிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். காலை நீட்டித் தரையில் ஊன்றினான். இல்லாத தண்டைப் பிடித்து வலித்தான். கால் உதைத்த உதையில் பெஞ்சு கிரீச்சென்று மேசைப் பக்கம் நகர்ந்தது. இன்னொரு வலிப்பு, இன்னொரு கிரீச். “முதுகுல பட்டுச்சு சார்!” என்று தமிழில் கத்தினான். “எதிரி அந்தக் கரையில, நான் இப்படி, இப்படித்தான் சார் போனேன்!” பட்டன்கள் தெறித்தன. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி வலித்தான். பெஞ்சு போய் மேசையில் முட்டி, கர்னலின் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது.

கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். கர்னலின் மூக்குக்கு நேரே அந்தத் தழும்பு. அவர் எழுந்து குனிந்து பார்த்தார். தமிழ் தெரிந்த அதிகாரி அவர் காதில் மொழிபெயர்த்தார். மிக்கேலைக் கூப்பிட்டுத் தனியாக விசாரித்தார்கள். அவன் பெஞ்சைப் படகாக்கி, மேசையை அக்கரையாக்கி எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில் கர்னல் என் தம்பியைக் கேட்டார்: “முதலிலேயே ஏன் சொல்லவில்லை?”

“முதுகுன்னதும் சிரிச்சிருவாங்க சார். படகு வரைக்கும் யாரும் காத்திருக்க மாட்டாங்க.”

அதையும் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். கர்னல் நனைந்த காகிதங்களை உதறிக்கொண்டே, “நான் காத்திருந்தேனே” என்றார்.

சனிக்கிழமை நான் புறப்பட்டேன். ஒரு டப்பா மக்ரூன் வாங்கி, பாதியை ரயிலிலேயே தின்றுவிட்டேன். கொழும்பில் தலைமையாசிரியை, இந்தியாவில் என்ன பார்த்தாய் என்று கேட்டாள். படகு வலிக்கிறதைப் பார்த்தேன் என்றேன். இதற்கா இத்தனை நாள் லீவு என்று முகத்தைச் சுளித்தாள்.

அடுத்த வருஷம் நான் மறுபடி போனபோது மெடல் வந்திருந்தது. கிரேஸ் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். அக்கா வந்த பிறகுதான் போட்டுக்கொள்வேன் என்று தம்பி சொல்லியிருந்தானாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது எடுத்து வந்தாள். மிக்கேலும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவள் முன்னால் நின்றான். கிரேஸ் மெடலைக் கையில் வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னளா யோசிக்க? குத்து.”

“பட்டது அங்கன, மெடல் இங்கனயா?” என்றாள் அவள். “திரும்பி நில்லுங்க.”

எனக்குப் பகீரென்றது. இந்தக் கேலிக்குப் பயந்துதானே இவன் இத்தனை வருஷம் பனியனோடு குளித்தான்! ஞானராஜ் அவளையே பார்த்தான். அப்புறம் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தான். சின்ன வயசில் சிரித்தானே, அந்தச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே திரும்பி நின்றான். அவள் சட்டையின் பின்பக்கம், அந்தத் தழும்புக்கு நேர்மேலே, மெடலைக் குத்திவிட்டாள். அதைக் கழற்றாமலே தெருவில் எங்களுக்கு முன்னால் நடந்து போனான் என் தம்பி, கோயில்வரைக்கும்.